பனிமூட்டத்துக்குள் ஒரு கோடு

அலுவலகத்தில் அவளுக்கு வடிகட்டி என்று பெயர். கிண்டலுக்கு வைத்ததுதான், ஆனால் பொருத்தமாக அமைந்துவிட்டது. விண்வெளித் தொலைநோக்கி அனுப்புகிற படங்களில் கருவியின் அழுக்கு எது, வானத்தின் ஒளி எது என்று பிரித்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. இரட்டைப் பிள்ளைகளுக்காகப் பல வருடம் வீட்டில் இருந்துவிட்டு, இனிமேல் இதெல்லாம் உனக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்ற நாத்தனாரின் நல்வாழ்த்தோடு மறுபடியும் வேலைக்கு வந்தவள்.

வந்த கொஞ்ச நாளிலேயே, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து எடுத்த படங்களில் அவள் கண்ணில் ஒரு கோடு பட்டது. சாதாரணக் கோடு இல்லை. பிரபஞ்சம் இளசாக இருந்தபோது ஹைட்ரஜன் வாயு எங்கும் பனிமூட்டம் போல அடைத்துக்கொண்டு கிடந்தது. முதல் விண்மீன் கூட்டங்களின் புற ஊதா ஒளிதான் அந்த அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெறிந்து, சுற்றிலும் மூட்டத்தை விலக்கியது. விலகிய இடம் போதிய அகலம் இருந்தால்தான் ஹைட்ரஜனுக்கே உரிய ஒரு ஒளி தப்பித்து வெளியே வரும். இல்லையென்றால் மூட்டம் அதை விழுங்கிவிடும். அவள் கண்டது அந்த ஒளியின் கோட்டைத்தான். அதுவும் ஒரு நோஞ்சான் விண்மீன் கூட்டத்திலிருந்து. இத்தனை பெரிய இடத்தை அது தனியாக விலக்கியிருக்க முடியாது, பக்கத்தில் இன்னும் நம் கண்ணில் படாத கூட்டாளிகள் இருக்கவேண்டும் என்று குழுத் தலைவர் துள்ளிக் குதித்தார். அதைப் பல நாட்டு ஆய்வாளர்கள் முன்னால் அறிவிக்க ஒரு பிற்பகலில் ஏற்பாடும் ஆயிற்று.

அன்று காலை அவருக்காகப் படத்தைத் தயார் செய்யும்போதுதான் அவள் தன் தவறைக் கவனித்தாள். ஒளியை வாங்கும் தகட்டில் சில புள்ளிகள் கெட்டுப்போய், ஒளியே படாவிட்டாலும் பட்டதாகப் பொய் சொல்லும். புதிது புதிதாகக் கெட்டுக்கொண்டே இருக்கும் என்பதால், கெட்ட புள்ளிகளின் வரைபடத்தை மாதாமாதம் மாற்றவேண்டும். அவள் போட்டிருந்தது போன மாதத்து வரைபடம். பிள்ளைகள் இருவருக்கும் காய்ச்சல் என்று அரக்கப்பரக்க வீட்டுக்கு ஓடிய நாளில் நடந்த கூத்து.

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு நிமிடம் தோன்றத்தான் செய்தது. பிறகு எழுந்து, வேலை போனால் போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டே தலைவரின் அறைக்குப் போனாள்.

"சார், அந்தக் கோடு பொய்யா இருக்கலாம். நான் பழைய வரைபடத்தைப் போட்டுட்டேன்."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. பாதிப் படங்கள் தொலைநோக்கியை ஒரு நூல் நகர்த்தி எடுத்தவைதானே என்று கேட்டார். கோளாறு கருவியுடையது என்றால் இரண்டு பாதியிலும் கோடு தகட்டில் ஒரே இடத்தில் நிற்கும். வானத்திலிருந்து வந்தது என்றால் இடம் மாறியிருக்கும். எல்லாவற்றையும் சேர்த்தே பார்த்துப் பழகிப்போனதில் பிரித்துப் பார்க்க இருவருக்குமே தோன்றவில்லை.

புது வரைபடத்தைப் போட்டு, படங்களைப் பிரித்து ஓடவிட்டாள். கணினி ஆடி அசைந்து வேலை செய்தது. தலைவர் பேனா மூடியைக் கடித்தே சப்பையாக்கிவிட்டார். முதல் பாதி வந்தது. கோடு இருந்தது. இரண்டாவது பாதியிலும் இருந்தது. ஆனால் தள்ளி இருந்தது, தொலைநோக்கி எவ்வளவு நகர்ந்ததோ சரியாக அவ்வளவு தள்ளி.

அப்பாடா என்று நாற்காலியில் சரிந்தாள். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, எதை அடக்குவது என்று தெரியாமல் இரண்டையும் விட்டாள். வேலை பிழைத்ததை விட, அந்த நோஞ்சான் பொய் இல்லை என்பதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

தலைவர் சப்பையான பேனா மூடியை மேசைமேல் வைத்தார். "இனிமே நீங்க காட்டற கோட்டை நான் கண்ணை மூடிக்கிட்டு நம்புவேன்மா."

"ஐயோ, வேண்டாம் சார்," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே நம்புங்க. நான் நாளைக்கும் தப்பு பண்ணுவேன்."