துப்பச் சொன்னால் குடித்துவிடுகிற ஊர்

"அடுத்தவன் ஊட்டுல குடிச்சதுக்குக் குத்தம் சொல்றவன்..." என்று பெரியப்பா ஏதோ சொல்வார். மீதிப் பாதி மறந்துவிட்டது. அதில் ஒரு கழுதை வரும் என்று மட்டும் ஞாபகம். காபியைச் சுவைத்துக் குறை சொல்வதற்கே வெளிநாட்டில் பல வருடம் சம்பளம் வாங்கியவன் நான். தொழிலின் முதல் விதி: உறிஞ்சு, நாக்கில் உருட்டு, துப்பு. விழுங்கினால் வேலை கெட்டது.

நாற்பத்தெட்டு வயதில் திருப்பூருக்குத் திரும்பி, நல்லூரில் காபி வறுத்து விற்கும் கடை போட்டேன். சொந்த ஊரை நம்பிக் கடை போட்ட சக பாவிகளே, உங்களுக்குப் புரியும். பனியன் கம்பெனி நடத்தும் பழனிசாமி அண்ணனின் கேன்டீன் ஆர்டர் கிடைத்தால் கடை நிற்கும். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் பூட்டிவிட்டு மறுபடியும் விமானம்.

பூ வாசம்

வாசலில் பலகை வைத்தேன்: 'மல்லிகை மணம், நாரத்தைத் தோல், முடிவில் லேசாகத் தேன்.' எதிர் வீட்டு சரோஜா அக்கா வந்து டம்ளருக்குள் மூக்கை விட்டு மோந்து பார்த்தார். நான் எதையும் சேர்க்கவில்லை, அந்தக் கொட்டையே அப்படி மணக்கும் என்று ஏழெட்டு விதமாக விளக்கினேன். பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, என் காதருகே குனிந்தார்: "செரிங்க தம்பி, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். பூவு மொழம் என்ன வெலைக்கு வாங்கறீங்க?"

பி அப்ரூவ்டு

அண்ணன் முதலில் தன் மெர்ச்சண்டைசர் கவிதாவை அனுப்பினார். சாயப்பட்டறையிலிருந்து ஒரே நிறத்துக்கு ஏ, பி, சி என்று மூன்று துணித்துண்டுகள் வரும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது அந்தப் பெண்ணின் அன்றாட வேலை. நான் வைத்த மூன்று கோப்பைகளையும் ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் போனார். சாய்த்துப் பார்த்தார். செல்போன் டார்ச் அடித்தும் பார்த்தார். "பி அப்ரூவ்டுங்க சார். பல்க்லயும் இதே ஷேடு வரணுங்க."

"ஒரு வாய்கூடக் குடிக்கலையேம்மா?"

"சாம்பிள் துணிய யாராச்சும் கடிச்சுப் பாப்பாங்களா சார்?"

போசி

கடைசியில் அண்ணனே வந்தார். மேஜையில் எட்டுக் கோப்பை, பக்கத்தில் துப்புவதற்கு ஓர் எவர்சில்வர் போசி. எல்லாம் இளம் வறுவல், பாலில்லாதது, பழப் புளிப்புள்ளது. வெளிநாட்டில் அந்தப் புளிப்புக்குத்தான் விலை. கரண்டியில் எடுத்துச் 'சர்ர்ர்' என்று உறிஞ்சித் துப்பிக் காட்டப் போனேன். அண்ணன் போசியைப் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "கூப்பிட்டு உக்கார வெச்சுக் குடுக்கறீங்க. அதைப் போயித் துப்பறதாங்க?"

கோப்பையை எடுத்து அப்படியே வாயில் கவிழ்த்தார். "நல்லா இருக்குதுங்க." அடுத்தது. "இதுவும் நல்லா இருக்குதுங்க." எது பிடித்தது என்று விடாமல் கேட்டேன். "எல்லாமே நல்லா இருக்குதுங்க. யோசிச்சுச் சொல்றனுங்க." எங்கள் பக்கம் யோசித்துச் சொல்கிறேன் என்றால், டிக்கெட் போட்டுக்கொள் என்று அர்த்தம்.

ஆனாலும் மரியாதைக்காக மீதியையும் காலி செய்தார். எட்டாவது முடிந்தபோது அவருடைய வலது முழங்கால் ஓவர்லாக் தையல் மெஷின் மாதிரி ஆடத் தொடங்கியது. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். பொங்கலூர் தோட்டத்துக் கிணறு, தாராபுரத்து மருமகன், நூல் விலை, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் பேசினார். பேச்சு வேகத்தில் மரியாதை கழன்று விழுந்தது. 'ங்க' மட்டும் கழலவில்லை.

"தம்பி, சத்தியமாச் சொல்றனுங்க, மொதக் கோப்பையிலிருந்தே புளிக்குதுங்க! மோருன்னு நெனச்சுத்தானுங்க முழுங்குனேன்! நல்லாக் கருக்க வறுத்து, பாலூத்திக் குடுங்க, நாளைக்கே ஆர்டர் போடறனுங்க. இதையே குடுத்தீங்கன்னா எங்க டெய்லருங்க பனியனுக்கு மூணு கை வெச்சுத் தெச்சுருவாங்க!"

மறுநாள் கொட்டையைக் கருக்க வறுத்து, பாலைக் காய்ச்சி, யாரும் துப்பாத அந்தப் போசியில் சர்க்கரையைக் கொட்டி வைத்தேன்.