மொட்டைத் தலையில் படித்த பாடம்

சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு என் சின்னம்மா விடுதி கேட்டுக்குள் நுழைந்த சாயங்காலம், வாட்ச்மேன் வாயிலிருந்த பீடியைக் கீழே போட்டுவிட்டு “கோவிந்தா” என்று கும்பிட்டார். காலையில் இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னலோடு போன பெண். பக்கத்தில் நான், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். அவளோ லட்டைப் பிட்டு அவர் கையில் ஒரு துண்டு வைத்துவிட்டு, “இன்னா நின்னுக்கினு இருக்கே? வாடி, பசிக்குது” என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். அந்தத் தலை என் கண்ணுக்குள் இன்னும் அப்படியே இருக்கிறது.

சின்னம்மா என்றவுடன் யாரோ வயதான அம்மாள் என்று நினைத்துவிடாதீர்கள். என் அம்மாவுக்குக் கடைசித் தங்கை. என்னைவிட ஒன்றரை வயதுதான் மூத்தவள். நகரியில் இரண்டு வீடும் ஒரே தெருவில். ஒன்றாகவே வளர்ந்தோம், ஒன்றாகவே சித்தூருக்கு நர்ஸ் படிக்கப் போனோம். ஆந்திர ராஜ்ஜியம் தனியாகப் பிரிந்து கர்னூலில் தலைநகர் வைத்திருந்த காலம் அது. நான் “சின்னம்மா, சின்னம்மா” என்று கூப்பிடுவதைக் கேட்டு விடுதியில் எல்லாருக்கும் அவள் சின்னம்மாவாகிவிட்டாள். கடப்பையிலிருந்து வந்த பெண்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வயதுக்காரிக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

என்னை வீட்டில் அனுப்பியதே அவள் துணைக்கு இருக்கிறாள் என்பதால்தான். “அவ இருந்தா நீ இரு, அவ வந்துட்டா நீயும் மூட்டையைக் கட்டு” என்று என் அப்பா, எங்கள் வழக்கில் நைனா, பஸ் ஏற்றும்போதே சொல்லிவிட்டார். ஆகவே இங்கே நான் சொல்லப்போவது அவள் கதை மட்டும் இல்லை, என் பிழைப்பும் அவள் தலையில்தான் இருந்தது.

முதல் வருஷத்தில் எங்களைப் பாடாய்ப் படுத்தியது அனாடமி. ட்யூட்டரம்மா தெலுங்குக்காரர். தெலுங்கில் விளக்குவார், பெயரை இங்கிலீஷில் சொல்வார், நாங்கள் மனசுக்குள் தமிழில் போட்டு உருட்டிக்கொள்வோம். எலும்புகூடப் பரவாயில்லை, கம்பி மாதிரி அசையாமல் நிற்கும். இந்தச் சதைகள் இருக்கின்றனவே, ஒன்றின்மேல் ஒன்று, ஒன்றுக்குள் ஒன்று, வாயில் நுழையாத பெயர்களோடு. கழுத்தில் ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்ட் என்று ஒன்று. அதைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது, எங்கே போய்ப் பிடிக்கிறது, எதை அசைக்கிறது என்று மூன்றும் சொல்லவேண்டும். நான் இரவெல்லாம் நெட்டுருப் போடுவேன், காலையில் துடைத்தெடுத்தது போல் மறந்திருப்பேன். அழுகை அழுகையாக வரும்.

சின்னம்மா நெட்டுருவே போடமாட்டாள். வேலை செய்துகாட்டித்தான் படிப்பாள். தொடையில் குறுக்கே ஓடும் சார்டோரியஸ் என்றால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “இந்தக் கயிறு இழுக்கலன்னா நீ பந்தியில உக்காந்து சோறு துன்ன முடியாதுடி” என்பாள். கெண்டைச்சதைக்கு, “உங்க நைனா தறிக்குழியில பலகையை மிதிக்கறாரே, அந்தச் சதை” என்பாள். எனக்கு உடனே என் நைனாவின் கால் தெரியும், காஸ்ட்ராக்னீமியஸ் என்ற பெயரும் கூடவே ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் ட்யூட்டரம்மா, சதைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது என்று சொன்னார். வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் சின்னம்மா, “எங்க நைனா மாதிரியே” என்றாள். அவள் நைனாதான் என் தாத்தா.

அவள் சொன்னதற்கும் தாத்தா வந்து நின்றதற்கும் சரியாக இருந்தது. பார்வையாளர் நேரத்தில் துண்டில் வேர்க்கடலை முடிந்துகொண்டு வந்தார். உட்கார்ந்த கையோடு விஷயத்தைச் சொன்னார். திருத்தணியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் வீட்டில் ஒரு பையன். நல்ல குடும்பம். அடுத்த வாரம் பெண் பார்க்க வருகிறார்கள்.

“படிப்பு, நைனா?” என்றாள் சின்னம்மா. கல்யாணம் ஆன பெண்ணுக்கு எங்கள் ட்ரெய்னிங்கில் இடம் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

“படிப்பு எங்க போவுது? ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் நடுவுல கோடு கிழிக்கப் போறாங்களாம் பாப்பா. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிடுமாம். நாம இந்தப் பக்கம் நின்னுடுவோம். அப்புறம் அங்க பொண்ணு குடுக்கறதுன்னா எந்தக் கலெக்டரைக் கேக்கறது? உன்னைப் பாக்க வர்றதுக்கு எவன்கிட்ட பாஸ் வாங்கறது? அதுக்கு முன்னாடியே முடிச்சிட்டா, சம்பந்தி வீடுன்னு நம்மளைப் போக வர விட்டுடுவாங்க.”

இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு நகரியில் பாதிப் பேர் அப்படித்தான் நம்பினார்கள். எல்லைக்கோடு என்றால் நடுவில் சுவர் எழும்பும், பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள், சம்பந்தி வீட்டுப் பொங்கலுக்குப் போக முத்திரை வாங்கவேண்டும் என்று. அதனால் திருத்தணிக்கும் புத்தூருக்கும் நகரிக்கும் நடுவே அந்த வருஷம் கல்யாணங்கள் அவசர அவசரமாக நடந்தன. தாத்தா கெட்டவர் இல்லை. பயந்தவர். பெற்ற பெண் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும் என்று நினைத்தவர்.

 அவர் போன பிறகு சின்னம்மா கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டே யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமை திருப்பதி போய்வர அனுமதி வாங்கினாள். சாமி கும்பிடத்தான் போகிறோம் என்று நானும் கிளம்பினேன். மலைக்கு மேலே போனதும் நேரே முடி இறக்கும் இடத்துக்கு நடந்தாள். வயசுப் பெண்கள் அங்கே மூன்று கத்தரிப்பு கொடுப்பதுதான் வழக்கம். பின்னல் நுனியில் மூன்று துணுக்கு. நாவிதரும் கத்தரிக்கோலைத்தான் எடுத்தார். “மொத்தமா” என்றாள் சின்னம்மா. அவர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். “அடிப்பாவி! உனக்கு இன்னாடி பைத்தியமா?” என்று நான் கத்தியது அங்கே கோவிந்தா சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. தலையில் தண்ணீர் தெளித்தார்கள். எங்கள் தெருவே பொறாமைப்பட்ட அந்தப் பின்னல் மடியில் விழுந்தபோது அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். நான்தான் அழுதேன்.

விஷயம் என்னவென்றால், ஏழுமலையானுக்கு முடி கொடுத்து வந்தவளை எங்கள் பக்கத்தில் யாரும் திட்டக்கூடாது. என்ன வேண்டுதல் என்றும் கேட்கக்கூடாது. வெளியே சொன்னால் பலிக்காது. மொட்டைத் தலையோடு பெண் பார்க்கும் சடங்கும் கிடையாது. தாத்தாவுக்குச் செய்தி போனது. அவரால் பல்லைக் கடிக்கத்தான் முடிந்தது. திருத்தணிக்காரர்களும், “சாமி காரியம், முடி வளரட்டும்” என்று சொல்லிவிட்டார்கள். இதைவிடப் பெரிய வக்கீலை யாரால் வைக்க முடியும்!

விடுதியில் அந்தத் தலைக்கு வந்த மவுசைச் சொல்லவேண்டும். தெலுங்குப் பெண்கள் வந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அதற்கப்புறம் ஒருநாள் சாப்பாட்டுக்கூடத்தில் அவள் கடலை மென்றுகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த நான், “ஐயையோ, இங்க பாருங்கடி!” என்று கூவிவிட்டேன். அவள் ஒவ்வொரு முறை மெல்லும்போதும், காதுக்கு மேலே, மண்டையின் பக்கவாட்டில் விசிறி விரித்தது போல் ஒரு சதை புடைத்துப் புடைத்து அடங்கியது. டெம்போராலிஸ்! புத்தகத்தில் சிவப்புக் கோடாகப் பார்த்தது, மயிர் மறைக்காத தலையில் உயிரோடு ஓடுகிறது. தாடையில் கை வைத்தால் கூடவே மேஸெட்டர். புருவத்தைத் தூக்கினால் நெற்றிச் சதை இழுத்து உச்சித் தோலே முன்னுக்கு நகர்ந்தது. மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ட்யூட்டரம்மா வந்தார், திட்டப்போகிறார் என்று நினைத்தோம். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சின்னம்மாவின் தலையில் விரலை வைத்து, “இதி ஏமிடி? செப்பு, செப்பு” என்று ஒவ்வொருத்தியிடமும் சதையின் பெயரைக் கேட்க ஆரம்பித்துவிட்டார். அந்த ஒரு பொழுதில் தலைச் சதை முழுவதும் படித்தேன். வாய்மொழித் தேர்வில் எனக்கு மெல்லும் தசைகள்தான் வந்தன. கடகடவென்று சொல்லிவிட்டு வந்தேன். அத்தனை சந்தோஷமான நாட்கள் என் வாழ்க்கையில் பிறகு அதிகம் வரவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

முடி நமக்காகக் காத்திருக்குமா? பையன்களின் கிராப் அளவுக்கு வளர்ந்திருந்தபோது தாத்தா மறுபடியும் வந்தார். இந்த முறை கையில் கடலை இல்லை. திருத்தணிக்காரர்களுக்கும் எல்லைக்கோட்டுப் பயம் பிடித்துவிட்டதாம். “சவுரி வெச்சிப் பின்னிக்கலாம்னு சொல்லிட்டாங்க. வைகாசியில முகூர்த்தம். பெட்டியைக் கட்டு பாப்பா” என்றார். அவள் பெட்டி என்றால் என் பெட்டியும்தான். 

மறுபடியும் மலைக்கு ஓடிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாத்தா கொஞ்ச நேரம் துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு, “கேக்கக்கூடாது. ஆனாலும் கேக்கறேன். இன்னா வேண்டிக்கினு மொட்டை போட்ட?” என்றார்.

“சொன்னா பலிக்காது நைனா.”

“தெரியும். சொல்லு.”

சின்னம்மா அவரை நேராகப் பார்த்தாள். “படிப்பு முடியற வரைக்கும் என்னை யாரும் இங்கருந்து கூட்டிக்கினு போகக்கூடாதுன்னு வேண்டிக்கினேன்” என்றாள். “சொல்லிட்டேன். இனிமே பலிக்காது. சாமி கையில இருந்ததை உன் கையில குடுத்துட்டேன். நீ பெட்டியைக் கட்டுன்னா கட்டறேன்.”

எனக்கு அவளை அறையவேண்டும் போல் இருந்தது. இருந்த ஒரே சாமித் துணையையும் இப்படித் தூக்கிக் கொடுத்துவிட்டாளே! தாத்தாவைப் பார்த்தேன். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. மோவாயில் மட்டும் தோல் சுருங்கிச் சுருங்கித் துடித்தது. மென்டாலிஸ். அழுகையை அடக்குகிறவனை முதலில் காட்டிக்கொடுப்பது அந்தச் சின்னச் சதைதான் என்று படித்திருந்தேன், நம்பவில்லை. அவர் பேசுவதற்கு முன்பே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

“படிப்பு முடியறதுக்குள்ள இன்னும் எத்தினி மொட்டை போடறதா இருந்த?” என்றார் தாத்தா.

“எத்தினி வேணுமோ அத்தினி.”

“கழுதை” என்றார். எழுந்தார். “முடியை வளத்துக்கினு படி” என்று சொல்லிவிட்டு என் தலையிலும் ஒரு குட்டு வைத்துவிட்டு நடந்தார்.

திருத்தணியில் அவர் என்ன சொன்னார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பெண் படிக்க ஆசைப்படுகிறாள் என்று சொல்லியிருந்தால் அந்தக் காலத்தில் குடும்ப மானம் காற்றில் பறந்திருக்கும். அதனால், “ஏழுமலையான் என் கனவுல வந்து இன்னும் ரெண்டு வருஷம் கேக்கறாரு” என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் கும்பிட்டு அனுப்பிவிட்டு வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள். சில வருஷம் கழித்துக் கோடும் விழுந்தது. திருத்தணி அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். சுவரும் எழவில்லை, பாஸும் கேட்கவில்லை. இப்போதும் நகரியில் ஏறினால் திருத்தணியில் இறங்கலாம். பக்கத்து சீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு எங்கே கோடு தாண்டினோம் என்பதே தெரியாது. சின்னம்மா படித்து முடித்தாள், நானும் முடித்தேன். அவள் சித்தூரிலேயே வேலை பார்த்து, பிடித்தவரைக் கட்டிக்கொண்டு, எத்தனையோ பெண்களுக்குச் சதைப்பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, போன மழைக்காலத்தில் போய்ச்சேர்ந்தாள்.

அவளை நினைத்தால் எனக்குத் தாத்தாவும் சேர்ந்தே வருகிறார். பெட்டியைக் கட்டச் சொன்னதற்கு அடுத்த மாதத்து ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடி விடுதிக்கு வந்தார். தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். ஏதோ மாறியிருக்கிறது என்று பட்டது, என்னவென்று பிடிபடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து துண்டை அவிழ்த்தார். பளபளவென்று மொட்டை. மீசையும் இல்லை. மீசை இல்லாத தாத்தாவை நான் அதுவரை பார்த்ததே இல்லை. விளையாட்டுக்குக்கூடச் சாமி பேரை இழுக்காத மனுஷர், யாராவது இழுத்தால் கன்னத்தில் போட்டுக்கொள் என்பவர்.

“ஐயோ நைனா, இன்னா வேண்டுதல்?” என்று சின்னம்மா பதறிப்போனாள்.

“வேண்டுதல் இல்ல பாப்பா. அபராதம்” என்றார் தாத்தா. “உனக்கோசரம் அவரு பேர்ல பொய் சொல்லிட்டேன் இல்ல?”

தன் முடி விழுந்தபோது அழாதவள், அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அன்றைக்குத்தான் அழுதாள்.