அண்ணியின் ஐந்தொகை

சிவப்பு மையில் நீளமாக ஓர் அம்புக்குறி. அண்ணி தபாலில் அனுப்பிய முதலாவது விடைத்தாள் திருத்தப்பட்டு வந்தபோது அதன் நடுவே அதுதான் கிடந்தது. இரண்டு பக்கங்களையும் இடம் மாற்றச் சொல்லும் அம்பு. தொகைகளில் ஒரு பிழையும் இல்லை. யாழ்ப்பாணத்தில் வணிகப் பிரிவில் கற்றபடியே, ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் கணக்கில் பொறுப்புகளை இடப்பக்கமும் சொத்துகளை வலப்பக்கமும் எழுதியிருந்தார். ஜெர்மனியில் அது நேர்மாறு.

அண்ணை விடவில்லை. “ரோட்டிலயே இஞ்ச மற்றப் பக்கம்தான் ஓடுறாங்கள். கணக்கு மட்டும் ஊர்ப்பக்கம் ஓடுமே?”

அண்ணி தலை நிமிரவில்லை. “லைசென்ஸ் எடுக்க நீங்கள் மூண்டு தரம் போனனீங்கள். நான் இப்பதானே ஒருக்கா.”

யூரோ புழக்கத்துக்கு வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. அவர்கள் ஹம் நகரில், நான் எசன் நகரில். அண்ணிக்கு ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை. மாறி மாறி வரும் வேலைநேரத்தோடு வகுப்புக்குப் போக முடியாது என்பதால், வீட்டிலிருந்தே படிக்கும் கணக்கியல் கற்கைநெறியில் சேர்ந்தார். பாடங்கள் தபாலில் வந்தன. வீட்டுக்கு இணையம் வந்தபின் விடைகள் கணினி வழியாகப் போயின. கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து மற்றவர்கள் தேநீரோடு கதைத்து நிற்க, அவர் காருக்குள் இருந்து ஜெர்மன் சொற்களைப் பாடமாக்குவார்.

வரி ஆலோசகர் ஒருவரின் அலுவலகத்தில் சில வாரங்கள் பயிற்சி பெற்றார். இறுதிப் பரீட்சையில் சித்தியடைந்தால் வேலை என்று அங்கே சொல்லிவிட்டார்கள். எழுத்துப் பரீட்சைக்கு அவர் பயப்படவில்லை. பயமெல்லாம் வாய்மொழிப் பரீட்சைக்குத்தான். டொக்டரிடமோ அலுவலகங்களிலோ நேரம் குறித்துச் சந்திக்கும் எந்தத் தெர்மினுக்குப் போனாலும் அண்ணை பேச, அவர் பக்கத்தில் இருந்து தலையாட்டியே பழகியவர். “எழுதச் சொன்னா எழுதுவன் தம்பி. கதைக்க ஏலாது” என்பார்.

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் ஜெர்மனியில் நடந்த கோடை. ஆகவே ஆண்டு எனக்குத் தவறாது. கொடி கட்டிய கார்கள் ஹோர்ன் அடித்துப் போக, பரீட்சை நடந்த கட்டடத்துக்கு வெளியே அண்ணையும் நானும் காத்து நின்றோம். உள்ளே நடந்ததை அண்ணி பிறகு சொன்னார். பலகையில் ஐந்தொகை வரைந்து விளக்கச் சொன்னார்களாம். பதற்றத்தில் கை பழைய வழியே போய், பொறுப்புகளை இடப்பக்கம் எழுதிவிட்டது. பரீட்சகர் ஒருவர் புருவத்தை உயர்த்தினார்.

“அழிப்பமோ எண்டு நினைச்சன். அழிக்கேல்ல. எங்கட நாட்டில இப்பிடி, உங்கட நாட்டில அப்பிடி எண்டு பக்கத்தில மற்றதையும் கீறிக் காட்டினன். கேள்வி மேல கேள்வி கேட்டவை. உங்கட அண்ணை இல்லாமலே கதைச்சுப் போட்டன் தம்பி!”

“அப்ப இனி எனக்கும் நீர்தான் கதைக்கவேணும்” என்றார் அண்ணை. விளையாட்டுக்குச் சொன்னது பலித்துவிட்டது. இன்றைக்கு அவருடைய தெர்மின்களுக்கெல்லாம் பேசுகிறவர் அண்ணிதான்.

சித்தியடைந்து வேலையில் சேர்ந்த முதல் வாரம், என் வேலையிடத்திலிருந்து அவருடைய அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அலுவலகத்தின் பெயர், தன் பெயர், காலை வணக்கம் எல்லாம் தடங்கலின்றி ஜெர்மனில் வந்தன.

“அண்ணி, நான்தான்.”

குரல் தாழ்ந்தது. “வேலை நேரம் தம்பி. பின்னேரம் எடுங்கோ.” வைத்துவிட்டார்.

சிரித்தபடி நின்ற என்னைப் பார்த்து, என்ன நல்ல செய்தி என்று கேட்டார் பக்கத்து மேசைக்காரர்.

“என்ரை அண்ணிக்கு என்னோடு கதைக்க நேரமில்லையாம்” என்றேன்.