மூன்று பூச்சியங்கள்

"பொம்புளப் புள்ளயள்ர வயித்துநோவ எழுதித் திரியவா கம்பஸுக்குப் போன நீ?" வேலை கிடைத்த அன்று மாமா கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பல்கலைக்கழகம் போய்ப் படித்தவள் நான். அந்தத் திமிர் எனக்கு உண்டு. வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

போன மாதம், நெல் வெள்ளாமை வெட்டு நேரம். மாதவிடாய் வலிக்கான ஒரு மருந்தைப் பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் பரிசோதிக்கும் ஆய்வில் உதவியாளராக இருந்தேன். மருந்து தொடங்குமுன், அந்த நாட்களின் வலியைப் பூச்சியத்திலிருந்து பத்துவரை பிள்ளைகளே தினமும் ஒரு கொப்பியில் எழுத வேண்டும். வலி குறைவென்றால் ஆய்வில் இடமில்லை.

கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு பிள்ளை, பதினைந்து வயது. மாதாமாதம் வகுப்பில் வாந்தியெடுத்து மயங்கி விழுகிறாள் என்று ஆசிரியைதான் அனுப்பியிருந்தார். அவள் கொப்பியில் மூன்று நாளும் பூச்சியம். பொறுப்பான டொக்டர் சிரித்தார். "பள்ளிக்குக் கள்ளமடிக்கிற ஆள்போல. பேரை வெட்டுங்க தங்கச்சி."

வெட்ட மனம் வரவில்லை. அவள் வீட்டுக்குப் போனேன்.

"அந்த மூணு நாளும் கொப்பி புத்தகம் தொடப்படாதே மிஸ்," என்றார் தாய். "முழுகின பொறகு எழுத வெச்சன். அப்ப வயித்துநோ இல்லத்தானே? ஏன், ஒங்கட வீட்டுல இந்த வழக்கம் இல்லயா?"

பின்னால் நின்ற மகள் முணுமுணுத்தாள். "அந்த நேரம் கேட்டிருந்தா பத்துக்கு மேலயும் போட்டிருப்பன்."

என் வீட்டிலும் அதே வழக்கம்தான். பரீட்சைக் காலத்தில் அம்மாவுக்கு ஒளித்துப் புத்தகம் தொட்டவள் நான். அப்படியிருந்தும், பாடக் கொப்பி போலவே ஒன்றைக் கையில் கொடுத்து, "தினமும் எழுதுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். என்னை நானே அறையலாம் போலிருந்தது.

மற்றக் கொப்பிகளையும் புரட்டினேன். ஒரே பேனையால், ஒரே மூச்சில் எழுதிய மூன்று நாட்கள் இன்னும் பல இருந்தன. டொக்டரிடம் காட்டினேன்.

"இதைப் பெரிசாக்காதீங்க. ஆய்வு பிந்திப்போகும்."

பிள்ளைகள் சுருண்டு கிடக்கிறார்கள், இவருக்கு ஆய்வு பிந்துகிறதாம்!

மறுநாளே, ஆய்வுகளைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் எழுதி நேரில் கொடுத்தேன். அந்த நாட்களில் கொப்பி வேண்டாம், நாங்களே தொலைபேசியில் பிள்ளையிடம் கேட்க வேண்டும், பூச்சியம் போட்ட அந்தப் பிள்ளைக்கு வலியைச் சொல்ல இன்னொரு மாதம் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை, என் கோபமும் ஆறவில்லை. ஆனால் அந்தப் பூச்சியங்களை எழுத வைத்தவர்களில் நானும் ஒருத்தி என்பது இன்றும் சுடுகிறது; அதனால்தான் கடிதத்தின் முதல் வரியில் என் பிழையை எழுதிக் கையெழுத்து வைத்தேன்.