காணாமல் போகாதவனுக்கு ஒரு நன்றிச் சீட்டு

எனக்கு வயது எழுபத்திரண்டு. ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். பேய், குறி, கனவு, காட்சி என்று எவன் வந்து சொன்னாலும் வேலையைப் பார் என்று அனுப்பியவன் நான். வெல்டிங் ராடு பிடித்தவனுக்கு இரும்பு ஒட்டியது, ஒட்டவில்லை என்று இரண்டுதான் உண்டு, நடுவில் ஒன்று கிடையாது. இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் கிழவனுக்கு மண்டை குழம்பிவிட்டது என்பீர்கள், தெரியும். என் வீட்டிலேயே நான்கு பேர் அதைத்தான் சொல்கிறார்கள், ஒரு டாக்டர் பணம் வாங்கிக்கொண்டு சொல்கிறார். நீங்களும் சொல்லிக்கொள்ளுங்கள்.

நான் யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். திருச்சிப் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் ஒரு தகரப் பெட்டியோடு சிகந்தராபாத் ஸ்டேஷனில் இறங்கினேன். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் காண்ட்ராக்ட் ஆளாக இரும்பு தூக்கி, பார்த்துப் பார்த்தே வெல்டிங் கற்றுக்கொண்டு, பிறகு ஜீடிமெட்லாவில் மருந்து கம்பெனிகளுக்கு ஸ்டீல் டேங்க் செய்யும் ஒர்க்‌ஷாப்பைச் சொந்தமாக நிறுத்தினேன். மல்காஜ்கிரியில் மூன்று மாடி வீடு. ஒருவரிடமும் நான் கை நீட்டியதில்லை, மனிதரிடமும் இல்லை, மேலே இருப்பவர்களிடமும் இல்லை.

என் மனைவி லூர்து மேரி எனக்கு நேர் எதிர். வீட்டில் எது நடந்தாலும் அதற்கொரு புனிதர், அவருக்கொரு நவநாள். எங்கள் வீட்டு சாமி ஸ்டாண்டு கலெக்டர் ஆபீஸ் மாதிரி, இலாகாவுக்கு ஒருவர். பல்வலிக்கு அப்பொலோனியம்மாள், காய்ச்சலுக்கு செபஸ்தியார், மேல் மாடிக்கு வாடகைக்கு ஆள் வராவிட்டால் சூசையப்பர். கேஸ் சிலிண்டர் தாமதமானால் நேரே யூதா ததேயு, அவர் இனி வழியே இல்லை என்ற காரியங்களை மட்டும் பார்ப்பவராம். தொலைந்ததற்கு எல்லாம் அந்தோனியார். சாவி, ஆதார் கார்டு, குக்கர் வெயிட், பேத்தியின் ஒற்றைக் கம்மல் எல்லாம் அவர் தலையில்தான். ஒன்பது நாள் ஜெபிப்பாள், பொருள் கிடைக்கும். வீட்டுக்குள் கிடக்கிற பொருள் கிடைக்காமல் எங்கே போகும் என்று நான் கத்துவேன். தேடினது நான், கண்ணில் காட்டினது அவர் என்பாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் கோவிலில் தமிழில் அந்தோனியார் நவநாள் உண்டு. அங்கே இரண்டு பெட்டி வைத்திருப்பார்கள், ஒன்றில் விண்ணப்பச் சீட்டு, இன்னொன்றில் கேட்டது கிடைத்தவர்கள் போடும் நன்றிச் சீட்டு. ஜெபம் முடிந்ததும் ஸ்டெல்லா டீச்சர் என்ற ரிட்டையரான அம்மா எல்லாவற்றையும் மைக்கில் வாசிப்பார். லூர்து மேரி சீட்டுக்கென்று காகிதம் வாங்கமாட்டாள். தினக்காலண்டரில் கிழித்த பழைய தாள்களைச் சமையலறை ஆணியில் குத்தி வைத்து, அதன் பின்பக்கத்தில் எழுதுவாள். அந்தக் காலண்டரும் என் ஒர்க்‌ஷாப் பெயர் போட்டு வருடா வருடம் நான் இருநூறு அடித்துக் கொடுப்பதுதான். அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுவிட்டு நான் வெளியே நின்று வறுகடலை தின்பேன். கடைசியில் அந்தோனியார் ரொட்டி கொடுப்பார்கள், அதை மட்டும் வாங்கிக்கொள்வேன்.

இந்த மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கடலை வாயில் இருக்கும்போதே ஸ்பீக்கரில் டீச்சர் குரல் கேட்டது. "காணாமல் போன என் கணவர் சவரிமுத்துவை மூன்றாம் நாள் வீடு கொண்டு வந்து சேர்த்த கோடி அற்புதரே, உமக்கு நன்றி. லூர்து மேரி, மல்காஜ்கிரி."

சவரிமுத்து நான்தான். தூண் மாதிரி கோவில் வாசலில் நிற்கிறேன். உள்ளே கடைசி வரிசையில் இருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள், இரண்டு பேர் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் என்னைப் பார்த்து எவனும் சிரித்ததில்லை, சிரித்தவனை நான் வேலைக்கு வைத்ததும் இல்லை. நேரே உள்ளே போய் டீச்சரிடம் சீட்டைக் கேட்டேன். அவர் பயந்துபோய், "பெட்டியில இருந்தத வாசிச்சேன் அண்ணே, நான் என்ன பண்றது" என்று எடுத்துக் கொடுத்தார். காலண்டர் தாளின் பின்பக்கம், நீல மை, இடது பக்கம் சாய்ந்த எழுத்து. லூர்து மேரியின் எழுத்தேதான்.

வீட்டுக்கு வந்து சண்டை. யாரைக் கேட்டு என்னைக் காணவில்லை என்று எழுதினாய், நான் என்ன குக்கர் வெயிட்டா என்று கத்தினேன். அவள் சீட்டைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"எழுத்து என்னோடதுதாங்க. ஆனா எழுதுனது நானில்ல. உங்க பேர நான் எழுதுவேனா? நாப்பத்தஞ்சு வருஷத்துல வாயால கூடச் சொன்னதில்ல."

அது உண்மை. ரேஷன் கார்டுக்குக் கேட்டால்கூட என்னைக் கையைக் காட்டுவாள். வேறு யார் எழுதியிருப்பார்கள்? என் இரண்டு மகன்களும் இங்கேயே படித்தவர்கள், தமிழ் ஒரு எழுத்து தெரியாது. மருமகள்கள் இரண்டு பேரும் தெலுங்கு. எங்கள் வீட்டில் தமிழ் எழுதுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான், நானும் கையெழுத்துக்கு மேல் எழுதினால் உடைந்து உடைந்துதான் வரும். சீட்டைக் கிழிக்கப் போனேன், புனிதர் பேர் இருக்கிறது, கிழிக்காதீர்கள் என்று பிடுங்கி சாமி ஸ்டாண்டில் அந்தோனியார் சுரூபத்துக்குப் பின்னால் சொருகிவிட்டாள். அதோடு நானும் விட்டுவிட்டேன்.

எட்டு நாள் கழித்து, புதன்கிழமை காலை. ஆறு மணிக்கு எழுந்து ஷேவ் செய்தேன், ஒரு நாளும் தவறாத வழக்கம் அது. பால் இல்லை என்றாள். பால் பூத் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு, நடந்து போனேன், பாக்கெட்டை வாங்கினேன், திரும்பினேன். நடுவில் ரயில்வே காம்பவுண்டு சுவரை ஒட்டி ஒரு சந்து இருக்கிறது, நாற்பது அடி தூரம், ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் சுவர், கதவோ பிரிவோ கிடையாது. அதில் பாதி வந்திருப்பேன், யாரோ என் இடது முழங்கையைப் பிடித்து, சின்னப் பிள்ளையைத் திருப்புவது மாதிரி லேசாகத் திருப்பினார்கள். எனக்குக் கோபம் வந்தது. இந்த ஏரியாவில் தெரு வருவதற்கு முன்னால் வீடு கட்டியவன் நான், எனக்கு வழி காட்ட எவன் வந்தான் என்று உதறிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அவ்வளவுதான், நம்பினால் நம்புங்கள். சந்தைவிட்டு வெளியே வந்தேன், வீட்டுப் பக்கம் நடந்தேன். என் நிழல் மட்டும் தப்பான பக்கம் விழுந்திருந்தது. காலை வெயிலில் மேற்கே விழ வேண்டியது கிழக்கே விழுந்தது.

வீட்டு வாசலில் இருபது ஜோடிச் செருப்பு. உள்ளே பெங்களூரிலிருக்கும் என் மகள் அழுதுகொண்டிருந்தாள், அவள் எப்போது வந்தாள் என்று எனக்குப் புரியவில்லை. லூர்து மேரி அந்தோனியாருக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். ஒன்பது நாள் காத்திருக்க முடியாத அவசரத்துக்கு ஒன்பது மணி நேர நவநாள் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், மணிக்கு ஒரு தடவை முழு ஜெபம். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தவள் சாயங்காலம் ஐந்துக்கு ஒன்பதாவதைச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அன்று வெள்ளிக்கிழமையாம். நான் போனது புதன்கிழமையாம். போலீஸில் எழுதிக் கொடுத்து, ஆஸ்பத்திரி எல்லாம் தேடி, தண்டவாளம்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

என்னடா விளையாட்டு இது என்று நான் கத்த, பெரியவன் பீட்டர் என்னைக் கட்டிக்கொண்டு, "எங்க போனீங்க டாடி, கைக்கு இப்படி பண்ணீங்க" என்று ஹைதராபாத் உருது கலந்து அழுதான், கைக்கு என்றால் ஏன். லூர்து மேரி அழவில்லை. எழுந்து வந்து என் தாடையைத் தடவிப் பார்த்தாள். காலையில் ஷேவ் செய்த வழுவழுப்பு அப்படியே இருந்தது. மூன்று நாள் தாடி எங்கே என்று அன்று யாரும் கேட்கவில்லை, இன்றுவரை அவளைத் தவிர யாரும் கேட்கவில்லை. கையிலிருந்த பாக்கெட்டை வாங்கினாள், அதில் இன்னும் குளிர்ச்சி சொட்டியது. மேல் அச்சில் புதன்கிழமைத் தேதி. ஹைதராபாத் மே மாத வெயிலில் மூன்று மணி நேரம் தாங்காத பால், காய்ச்சினாள், திரியவில்லை. எல்லோருக்கும் அதிலேயே டீ போட்டுக் கொடுத்தாள். என் மகள் மட்டும் குடிக்கவில்லை.

டீ ஆறுவதற்குள் காலண்டரில் அன்றைய வெள்ளிக்கிழமைத் தாளை என் கண்ணெதிரே கிழித்து, பின்பக்கம் நன்றிச் சீட்டு எழுதினாள். எட்டிப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் பெயரை எழுதியிருந்தாள். கேட்டதற்கு, "பேர் போடாம சொன்னா அவருக்கு யாருன்னு எப்படித் தெரியும்" என்றாள். மற்ற வார்த்தைகளும் அந்தப் பழைய சீட்டில் இருந்தவையேதான், ஒன்று கூட மாறவில்லை. அடுத்த செவ்வாய் ஸ்டெல்லா டீச்சர் அதை வாசிக்கும்போது பாதியில் நிறுத்தி, தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மீதியை வாசித்தார்.

என் கோபம் அதற்குப் பிறகு நடந்ததில்தான். டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். நினைவைச் சோதிக்க ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். ஐயாயிரம் லிட்டர் டேங்கைச் சாக்பீஸில் தரையில் வரைந்து வெட்டிய கை இது, என்னிடம் கடிகாரம் வரையச் சொல்கிறார். வரைந்தேன், சரியாகத்தான் வரைந்தேன், ஆனாலும் வயதாகிவிட்டது, அவ்வப்போது நினைவு தப்பும், தனியே விடாதீர்கள் என்றார். ஸ்கூட்டர் சாவி போயிற்று. ஒர்க்‌ஷாப் சாவி போயிற்று. என் சட்டைப் பையில் ஃபோன் நம்பர் எழுதிய அட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் போடுகிற மாதிரி. நான் நிறுத்திய ஒர்க்‌ஷாப்புக்குள் நான் போக மகனிடம் கேட்க வேண்டும்.

சந்துக்கு அந்தப் பக்கம் மருந்துக்கடை கேமராவில் புதன்கிழமை ஆறே முக்காலுக்கு நான் பாக்கெட்டோடு சந்துக்குள் நுழைவது இருக்கிறது. இந்தப் பக்கம் அபார்ட்மெண்ட் கேமராவில் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு நான் வெளியே வருவது இருக்கிறது, அதே பாக்கெட், அதே நடை. நடுவில் நாற்பது அடி. அதை நானே கேட்டு வாங்கி, பழைய சீட்டையும் எடுத்து வந்து, இது அதற்கு எட்டு நாள் முன்னாலேயே வாசித்த சீட்டடா என்று பீட்டரிடம் காட்டினேன்.

"ஹவ் டாடி, நம்புறேன். ஆனா மம்மி அப்புறம் எழுதுனத நீங்க முன்னாடின்னு நெனச்சிட்டிருக்கீங்க. டென்ஷன் நக்கோ" என்றான். அவன் பாஷையில் ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம்.

அவள் அப்புறம் எழுதியது வேறு சீட்டு என்று நிரூபிக்க வழியில்லை, கோவிலில் வாசித்த சீட்டுகளை மாதம் ஒரு முறை எரித்துவிடுவார்கள். வாரத்துக்கு எண்பது சீட்டு வாசிக்கிற டீச்சருக்கு எது எந்த வாரம் என்று சத்தியம் செய்ய பயம். லூர்து மேரிக்குத் தெரியும். ஆனால் அவள் வாயைத் திறந்தால் அவளையும் கடிகாரம் வரையக் கூட்டிப்போவார்கள் என்று நான்தான் பேசாதே என்றேன்.

இதுவரை சொன்னது எல்லோருக்கும் தெரிந்தது. இனிச் சொல்வது என் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாத தைரியத்தில்தான் என் உடைந்த எழுத்தில் எழுதுகிறேன்.

போன மாதம், ஆகஸ்டில், வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் அந்தப் பழைய சீட்டை எடுத்துக் கோபத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எப்போதும் பழைய தாளில் எழுதுவதால் முன்பக்கத் தேதியை அதுவரை ஒருவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. திருப்பினேன். இந்த வருடம். நவம்பர் மாதம். ஒரு வெள்ளிக்கிழமை. தேதியை இங்கே எழுதமாட்டேன்.

சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி, கட்டிலில் வைத்து, நவம்பர்வரை புரட்டினேன். வியாழன் இருந்தது, சனி இருந்தது, நடுவில் அந்த வெள்ளி இல்லை. ஸ்டேப்ளர் பின் அடித்த இடத்தில் கிழிந்த துண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. சீட்டின் மேல் ஓரத்தை அந்தத் துண்டோடு வைத்துப் பார்த்தேன். இரண்டு தகட்டைச் சேர்த்து வைத்து இடைவெளி பார்ப்பது என் ஐம்பது வருடத் தொழில். இடைவெளி இல்லை.

பழைய சீட்டு நான் போய் வந்த தடவைக்கு எழுதியது இல்லை. இனிமேல் போகப்போகிற தடவைக்கு எழுதியது.

லூர்து மேரியிடம் மட்டும் காட்டினேன். பார்த்துவிட்டு, மடித்து, மறுபடியும் அந்தோனியாருக்குப் பின்னால் சொருகினாள். "நன்றின்னுதானே எழுதியிருக்கு. அப்ப கிடைச்சிருவீங்க" என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். கிடைப்பது இருக்கட்டும், அந்த மூன்று நாள் என்னை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

இப்போது தினமும் காலையில் அவள் காலண்டர் தாளைக் கிழிக்கிற சத்தம் கேட்டால் என் இடது முழங்கை தானாகவே உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. ஆனால் ஒன்று. அந்த வெள்ளிக்கு முந்திய புதன்கிழமை எவன் என் வாசலை மறித்து நின்றாலும் பால் வாங்க நான்தான் போவேன். இந்தத் தடவை கையை உதறமாட்டேன். பிடித்தது யார் என்று பார்த்துவிட்டுத்தான் வருவேன்.