பாட்டுப் புத்தகமும் என் படபடப்பும்

இரண்டாம் வகுப்புக்குப் பாட்டுப் புத்தகம் எடுக்கப் போகிற டீச்சருக்கு நெஞ்சு படபடக்கவில்லை என்றால், அவர் இன்னும் இரண்டாம் வகுப்புக்குள் கால் வைக்கவில்லை என்று அர்த்தம்.

நான் குடியிருப்பது விழுப்புரம். வேலை திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு அரசு தொடக்கப் பள்ளியில். போன வருஷம் பள்ளி திறந்ததும் எச்.எம். சார் என்னைக் கூப்பிட்டு, "பசங்க வாசிக்கவே மாட்டேங்கறாங்க. பாட்டா இருந்தா வாயில நிக்கும். நல்ல புத்தகமா பார்த்து எடுத்துக்கினு வாங்க" என்றார். நான் வாசல்வரை போன பிறகு, "ஏடாகூடமா எதுவும் எடுத்துடாதீங்க, அப்புறம் ஊரே வந்து நிக்கும்" என்று சேர்த்துக்கொண்டார். என் பயம் அந்த வாசலில் தொடங்கியது. இப்படி மாட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கடையில் ஒரு அலறல்

பாட்டுப் புத்தகத்தைக் கண்ணால் மட்டும் படித்து வாங்கக் கூடாது என்பது என் கொள்கை. அட்டையில் யானை அழகாக இருக்கும். உள்ளே நாலு வரிக்கு ஒரு இடத்தில் நாக்கு முட்டிக்கொள்ளும். டீச்சருக்கே முட்டினால் பிள்ளை அந்தப் புத்தகத்தை மறுபடி தொடாது. அதனால் விழுப்புரம் கடையில் அலமாரிப் பக்கம் திரும்பி நின்று, ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன். பல் துலக்கு, பொய் பேசாதே, பெரியவர் சொல் கேள் என்று பாட்டு முழுக்க அதட்டுகிற புத்தகங்களை எல்லாம் ஓரம் கட்டினேன். வகுப்பில் அதட்ட நான் ஒருத்தி இருக்கிறேனே.

பிறகு புலி வருகிற பாட்டு ஒன்று கிடைத்தது. சந்தம் நன்றாக ஓடியது. வகுப்பில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, கடைசி வரியில் உறுமியே விட்டேன். பின்னால் நோட்டு வாங்க வந்திருந்த ஒரு பெண்ணின் இடுப்பில் இருந்த குழந்தை வீரிட்டு அழுதது. மூச்சுப் பிடித்துக்கொண்டு முகம் கறுத்துப்போனது. அந்தப் பெண் முதுகில் தட்டினாள், கடைக்காரர் தண்ணீர் கொண்டு ஓடி வந்தார். குழந்தை ஒருவழியாக மூச்சு விட்டது. நான் புத்தகத்தை மெதுவாக அலமாரியிலேயே செருகப் போனேன். கடைக்காரர் பார்த்துவிட்டார்.

"புத்தகம் மேல தப்பு இல்ல டீச்சர். அத நீங்க எடுத்துக்கினு போங்க. சத்தத்த மட்டும் இங்கியே வுட்டுட்டுப் போங்க."

தொட்டிக்குள் யார்?

வாங்கிப் போனவற்றில் பிள்ளைகளுக்கு முதல் நாளே பிடித்துப்போனது எதிரொலியைப் பற்றிய சின்னப் பாட்டு:

*தொட்டிக் குள்ளே யாரது?*
*தொண்டை கட்டிய குரலது!*
*எட்டிப் பார்த்தால் ஆளில்லை,*
*என்னைப் போலப் பேசுது!*

வகுப்பே குதித்துக் குதித்துப் பாடியது. நானும் பூரித்துப்போனேன். அந்த வாரக் கடைசியில் காலை வழிபாட்டில் ஒரு பெண் பிள்ளை மயங்கி விழுந்தாள். நிழலில் படுக்க வைத்து விசாரித்தால், அவள் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை. அவள் மட்டுமில்லை, என் வகுப்பில் பாதிப் பேர் குடிப்பதில்லை. பள்ளிக்குப் பின்னால் இருக்கிற கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஆள் இருக்கிறானாம். யார் சொன்னது என்று அதட்டிக் கேட்டேன். லோகேஷ் எழுந்து நின்றான். எதைச் சொன்னாலும் அப்படியே நம்புகிற பிள்ளை. "பாட்டுல இருக்குதுல்ல டீச்சர்" என்றான்.

பயத்தைத் தெளிய வைக்க எல்லோரையும் தொட்டியிடம் கூட்டிப்போனேன். நாற்காலி போட்டு ஏறி, மூடியைத் திறந்து, "யாரது?" என்று கத்தினேன். உள்ளே இருந்து என் குரல் என் குரலாக வரவில்லை. கனமாக, கீழே இருந்து யாரோ எழுந்து வருவதுபோல வந்தது. என்னையறியாமல் நாற்காலியிலிருந்து குதித்துவிட்டேன். பிள்ளைகள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டார்கள். லோகேஷ் மட்டும், "உங்கள யாருன்னுதான் கேக்குறாரு. பேரு சொல்லுங்க டீச்சர்" என்றான். மறுபடி ஏறி என் பெயரைச் சொன்னேன். தொட்டியும் சொன்னது. அதன் பிறகு ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிப் பிடித்தேன். எல்லோரும் பெயர் சொன்னார்கள். இறங்கி வந்து வயிறு முட்டத் தண்ணீர் குடித்தார்கள். லோகேஷ் டம்ளரை வைத்துவிட்டு என்னிடம் வந்தான்.

"நல்லவருதான் டீச்சர். எல்லார் பேரையும் அவரே வச்சிக்கினாரு."

பின் அடித்த பக்கம்

இன்னொரு புத்தகத்தில் அப்பா வீடு திரும்புகிற பாட்டு இருந்தது. கதவு தட்டுகிற சத்தம் கேட்டதும் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கும். அப்பா கை தொட்ட பிறகுதான் திறக்கும். அருமையான பாட்டு. ஆனால் என் வகுப்பில் ஷபானா இருக்கிறாள். அவள் அத்தா வளைகுடாவில் வேலை செய்கிறார். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது போனவர், நடுவில் ஒரே ஒரு தடவைதான் வந்துபோனார். இந்தப் பாட்டைப் படித்து அவள் உடைந்து போனால் நான் என்ன செய்வேன்? அந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்துவிட்டேன். பின் அடித்த பக்கத்தை விட்டுவிட்டு வேறு பக்கம் படிக்கிற பிள்ளை உலகத்தில் உண்டா? ஷபானாவேதான் பிரித்தாள். படித்தாள். புத்தகத்தைப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

மறுநாள் காலை அவள் அம்மா பள்ளி கேட் பக்கத்தில் நிற்பதைத் தூரத்திலேயே பார்த்தேன். பஸ்ஸை விட்டு இறங்கிய எனக்கு அப்படியே திரும்பிவிடலாமா என்றிருந்தது. ஷபானா 'அப்பா' வருகிற இடத்திலெல்லாம் 'அத்தா' என்று மாற்றி, பாட்டு முழுவதையும் அம்மா போனில் பேசி அத்தாவுக்கு அனுப்பியிருக்கிறாள். அவர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேலைய வுட்டுட்டு அடுத்த பிளைட்டுல வர்றேன்றாரு டீச்சர். வூடு கட்றது பாதியில நிக்குது. அவர அங்கியே கொஞ்ச நாள் இருக்க வைக்கற மாதிரி ஒரு பாட்டு ஜல்தியா குடுங்க."

ஏரிக்குப் பெயர் சொல்லப் போனவன்



மழைக்காலம் வந்ததும் மழைப் பாட்டு எடுத்தேன். வாய்க்கால் தண்ணீர் கூப்பிடும். பிள்ளை கூடவே போகும்:

*வாய்க்கால் தண்ணீர் போகுது,*
*வாடா என்று கூப்பிடுது;*
*ஏரி பேரைக் கேட்டதென்றால்*
*என்பேர் சொல்லப் போகிறேன்.*

அன்று விடாமல் கொட்டியதால் மத்தியானத்தோடு பள்ளியை விட்டுவிட்டார்கள். நான் விழுப்புரம் பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டேன், பஸ்ஸும் புறப்பட்டுவிட்டது. எச்.எம். சார் போன் செய்தார். லோகேஷ் வீட்டுக்குப் போகவில்லை. நடவுக்குப் போயிருந்த அவன் அம்மா செல்வி, மழைக்கு வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தால் வீடு பூட்டியபடி இருக்கிறது. பையனைக் காணோம். கூடப் படிக்கிற பிள்ளையைக் கேட்டதற்கு, "ஏரிக்குப் பேரு சொல்லப் போறேன்னான்" என்றிருக்கிறான்.

பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். குடையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன் என்பது நனைந்த பிறகுதான் தெரிந்தது. ஊருக்குள் வாய்க்கால் ரோட்டின் மேலேயே ஓடியது. செம்மண் கலந்த தண்ணீர். தெருமுனையில் சேர்ந்துகொண்ட செல்வி எனக்கு முன்னால் ஓடினாள். "லோகேசு, லோகேசு" என்று அவள் கத்துவது மழையில் பாதிதான் கேட்டது. வழியில் முள்வேலியில் ஒரு சின்னச் செருப்பு சிக்கியிருந்தது. அதை எடுத்தவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பாட்டை எப்படி முகத்தை ஆட்டி, கையைக் காட்டி, ஆசை ஆசையாக நடித்துச் சொல்லிக் கொடுத்தேன்! செல்வியைத் தூக்கி நிறுத்தி, இருவருமாகக் கரைமேல் ஏறினோம்.

ஏரி விளிம்பு தட்டி நின்றது. கொஞ்ச தூரத்தில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஆட்களின் டிராக்டர் இருந்தது. அதன் பெட்டியில், தார்ப்பாய்க்கு அடியில், ஒற்றைக் கால் செருப்போடு லோகேஷ். மூட்டை தூக்குகிறவர் ஒருவர் எங்களைப் பார்த்துச் சத்தம் போட்டார். "உங்க புள்ளையாம்மா? மதகாண்ட நின்னுக்கினு இருந்தான், புடிச்சி ஒக்கார வச்சேன். பேரு கேட்டா சொல்ல மாட்டேங்கறான். ஏரிக்குதான் சொல்லுவானாம்!"

செல்வி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று தலையைக் குனிந்தபடி நின்றேன்.

"அந்தப் பாட்டுல போறது மட்டும்தான் இருக்குது டீச்சர். வூட்டுக்குத் திரும்பி வர்றத யாரு எழுதறது?"

எந்தப் பக்கம்?

மறுநாளே எழுதினோம். நானும் வகுப்பும் சேர்ந்து, கரும்பலகையில் அழித்து அழித்து, நாலு வரி. அதை வெள்ளைத்தாளில் எழுதிப் புத்தகத்தில் ஒட்டினேன்:

*ஏரி பேரைக் கேட்டபோது*
*எட்டி நின்று சொல்லிவிட்டேன்;*
*அம்மா சோறு போட்டு வைத்தாள்,*
*அப்படியே திரும்பிவிட்டேன்.*

அடுத்து வந்தது வட்டாரக் கல்வி அலுவலர் வருகை. அவர் நேராக என் வகுப்புக்கு வந்து அந்தப் புத்தகத்தையே கையில் எடுத்தார். ஒட்டிய தாளைத் தடவிப் பார்த்தார். அச்சிட்ட புத்தகத்தில் யார் கை வைத்தது என்று கேட்டார். எச்.எம். சார் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பிள்ளைகளோ, புத்தகத்தைக் கையில் எடுத்தாலே பாடுவது வழக்கமென்று, எழுந்து நின்று பாடத் தொடங்கிவிட்டார்கள். கடைசி நாலு வரியை மற்ற வரிகளைவிடச் சத்தமாக, லோகேஷ் எல்லோரையும்விடச் சத்தமாக. அலுவலர் முடியும்வரை கேட்டார். எதற்காக இதைச் சேர்த்தோம் என்று கேட்டபோது, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தார்.

"நல்லா கோந்து போட்டு ஒட்டுங்கம்மா. ஓரம் பிய்ஞ்சிக்கினு வருது."

பிள்ளைகள் காதில் ஏறாத பாட்டாகப் பார்த்து எடுத்தால் டீச்சர் நிம்மதியாகத் தூங்கலாம். ஏறுகிற பாட்டாகப் பார்த்து எடுத்தவள் நான்.