அக்காவின் மூக்கும் என் மிஷினும்

பெட்ரோல் ஆவியை அளக்கும் மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு பதினோரு வருஷமாக வடக்கு சிலாங்கூரைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். சபாக்கிலிருந்து ரவாங் வரை நான் கால் வைக்காத பெட்ரோல் நிலையம் அநேகமாக இல்லை. தரைக்கு அடியில் இருக்கும் தொட்டி ஒழுகினால் ஆவி மண் வழியாகவும் சாக்கடை வழியாகவும் மேலே வரும். அது எங்கே வருகிறது, எவ்வளவு வருகிறது என்று பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.

மிஷின் பார்க்க ஒரு பெரிய டார்ச் லைட் மாதிரி இருக்கும். முனையில் குழாய். காற்றை உறிஞ்சி உள்ளே இழுத்து, அதன் ஊடாக அகச்சிவப்பு ஒளியை அனுப்பும். காற்றில் பெட்ரோல் ஆவி இருந்தால் அந்த ஒளியில் கொஞ்சத்தை அது விழுங்கிவிடும். எவ்வளவு விழுங்கியது என்பதைத்தான் திரையில் எண்ணாகப் பார்ப்போம். ஆனால் அதற்கு முன்னால் மிஷினுக்குச் சுத்தமான காற்று எது என்று காட்டவேண்டும். காலையில் நல்ல காற்றில் வைத்து ஒரு பட்டனை அழுத்தினால், இதுதான் ஸீரோ என்று அது பிடித்துக்கொள்ளும். அன்று முழுக்க அதிலிருந்துதான் கணக்கு. நீங்கள் எதைக் காட்டினாலும் அதைச் சுத்தம் என்று நம்பிவிடும். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சாமானுக்கு அவ்வளவுதான் புத்தி.

என் அக்கா குவாலா சிலாங்கூர் பக்கத்தில் இருக்கிறாள். எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்த பிறகு கட்டிக்கொடுத்த வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு லோங்காங், அந்தச் சாக்கடைக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் நிலையம். அவள் புருஷன், எங்கள் மாமா, செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார், பகலில் வீட்டில் இருக்கமாட்டார். பகல் முழுக்க வீட்டில் இருப்பவள் அக்காதான்.

குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டையிலிருந்து பெட்ரோல் வாசனை வருகிறது என்று முதலில் மாமாவிடம் சொன்னாள். அவருக்கு லோரியிலேயே கிடந்து மரத்துப்போன மூக்கு, ஒன்றும் இல்லை என்றார். அக்கம்பக்கத்தில் சொன்னாள். பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால் குடியிருந்துகொண்டு மல்லிகை வாசனையா வரும் என்று சிரித்தார்கள். அவள் விடவில்லை. மாவட்ட அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதினாள். கடைசியில் அளந்து பார்க்கச் சொல்லி நிலையத்துக்கு உத்தரவு வந்தது. அளக்கிற வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது.

சொந்த அக்கா வீடு என்று நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. வேறு யாரையாவது அனுப்பிவிடுவார்களே என்று பயம். நானே போய், நானே எண்ணைக் காட்டி, சிரித்தவர்கள் வாயை எல்லாம் அடைக்கவேண்டும் என்று ஆசை. பெரிய வீரன் நான்.

அளக்கப் போன நாள் ஆயுத பூஜை. இங்கே அதற்கு லீவு கிடையாது. சுங்கை சோவில் இருக்கிற எங்கள் பட்டறையில் காலையிலேயே பூஜையை முடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவது வழக்கம். மிஷின்களை எல்லாம் துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, வேன் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து. முதலாளிக்கு ஒரு கொள்கை உண்டு. பூஜையில் எந்தச் சாமானும் சும்மா கிடக்கக் கூடாது, ஓடிக்கொண்டிருக்கவேண்டும்.

“எல்லாத்தையும் ஆன் பண்ணுங்க லா, ஓட விட்டுத்தான் கற்பூரம் காட்டணும்” என்றார்.

ஆன் செய்தேன். ஆன் செய்த கையோடு, பழக்க தோஷத்தில், ஸீரோ பட்டனையும் அழுத்தினேன். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சாம்பிராணி. புகை மிஷின் முனையைச் சுற்றிக்கொண்டு போனது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. கற்பூர ஆவியும் அந்த ஒளியை விழுங்கும் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வேலைக்கு வருகிற புது ஆட்களுக்கு நானே சொல்லித்தருகிற பாடம் அது. அந்த நேரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா வீட்டுக்குப் போனதும் மறுபடி ஸீரோ வைக்கவில்லை. வைக்கவும் கூடாது. சந்தேகப்படுகிற இடத்துக் காற்றில் ஸீரோ வைக்காதே என்பதுதான் சட்டம். சட்டப்படிதான் நடந்தேன்.

அக்கா குளியலறைத் தரையைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். நிலையத்தின் மேனேஜர் வாசலில் கைகட்டி நின்றார். மாவட்ட அலுவலகத்து ஆள் ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டைக்கு மேல் குழாயைப் பிடித்தேன். ஸீரோ. ஓட்டைக்கு உள்ளே விட்டேன். ஸீரோ. பின்பக்க லோங்காங், ஸீரோ. காலையில் பிடித்து வைத்த கற்பூரத்தைக் கழித்துவிட்டுத்தான் அது எண் காட்டும். கழித்து வருவது ஸீரோவுக்குக் கீழே போனால் எங்கள் மிஷின் மைனஸ் காட்டாது, ஸீரோவோடு நின்றுவிடும்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

“உனக்கு வாசனை வரலயா தம்பி?”

வந்தது. லேசாக, இனிப்பாக, தொண்டையில் ஒட்டுகிற அந்த வாசனை குனிந்தபோதே வந்தது. பதினோரு வருஷமாக மோந்துகொண்டிருக்கிற வாசனை எனக்குத் தெரியாதா?

“என் மூக்கு கணக்குல வராதுக்கா. மிஷின் சொல்றதுதான்” என்றேன்.

மேனேஜர் சிரித்துக்கொண்டே என் கையைக் குலுக்கினார். எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அக்காவுக்கும் ஒரு நகல் கொடுத்தார்கள்.

அந்தக் காகிதம் அக்காவை என்ன பாடு படுத்தியது என்று பிறகுதான் தெரிந்தது. சிரித்தவர்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். அவளுக்கு வாசனை நிற்கவில்லை, தலைவலி வந்தது, தூக்கம் போனது. மாமா அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். டாக்டரிடம் என் காகிதத்தைக் காட்டினார். டாக்டரைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. மிஷின் இல்லை என்கிறது, இந்த அம்மா இருக்கிறது என்கிறார், அவர் எதை நம்புவார்? இல்லாத வாசனை வருவது மனசு சம்பந்தப்பட்டது என்று சொல்லி மாத்திரை எழுதினார். அக்கா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாள். பேச்சு குறைந்தது, பகலிலும் தூங்கினாள்.

மூன்று வாரம் கழித்து மிஷினைச் சோதனைக்கு அனுப்புவதற்காக அதன் நினைவில் இருந்ததை எல்லாம் இறக்கிப் பார்த்தேன். தினமும் ஸீரோ வைத்தபோது காற்று எவ்வளவு ஒளியை விழுங்கியது என்பதும் அதில் பதிவாகும். எல்லா நாளும் ஒரே மாதிரி சின்ன எண். ஒரே ஒரு நாள் மட்டும் மலை மாதிரி ஏறி நின்றது. தேதியைப் பார்த்தேன், ஆயுத பூஜை. காகிதத்தை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன்.

“ரிப்போர்ட் போயாச்சு லா. இப்ப என்ன செய்யச் சொல்ற? கற்பூரத்தக் காட்டி ஸீரோ வச்சோம்னு எழுதிக் குடுக்கவா? லைசென்ஸ் இருக்குமா நமக்கு? அடுத்த தடவ அளக்கும்போது பாத்துக்கலாம், போ.”

போனேன். அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அன்று மாலையே நான் அக்காவுக்குப் போன் செய்து சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்று பயந்தேன், சொல்லவில்லை. இதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

ஐந்து மாதம் அப்படியே போனது. பிறகு நிலையத்துக்காரர்களே தொட்டியில் பெட்ரோல் குறைகிறது என்று சந்தேகப்பட்டுத் தோண்டினார்கள். தொட்டியின் அடி அரித்துப்போயிருந்தது. அக்கா வீட்டு லோங்காங் வரை மண் கறுத்துக் கிடந்ததை மாமா போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். அதற்கு மேல் ஒளிக்க இடமில்லை. நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மாமா எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா என்னை நாலு அறை அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“கற்பூரமா?” என்று கேட்டாள். தட்டை எடுத்து வைத்துவிட்டு, “சரி, சாப்ட்டுப் போ” என்றாள்.

புதுத் தொட்டி வைத்தார்கள். மண்ணை மாற்றினார்கள். டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். அத்தோடு விஷயம் முடிந்தது என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

போன மாதம் சபாக்கில் ஒரு வேலை. போகிற வழியில் அக்கா வீட்டில் நிறுத்தினேன். காலை பத்து மணி இருக்கும். கேட்டைத் திறக்கும்போதே சமையல் கேஸ் வாசனை மூக்கில் அடித்தது. மிஷின் வேனில் இருந்தது. அதை எடுக்க எனக்குத் தோன்றவில்லை, உள்ளே ஓடினேன். அடுப்படியில் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. கேஸ் தோங்கிலிருந்து அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயை எலி கடித்திருந்தது, அது சீறுகிற சத்தம்கூடக் கேட்டது. அக்கா மேசையில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்புப் பக்கத்தில் லைட்டர் தயாராக இருந்தது.

தோங்கை மூடினேன். லைட்டரை வெளியே வீசினேன். ஜன்னல்களைத் திறந்தேன். அவளைப் பார்த்துக் கத்தினேன்.

“வாசனை வரலயாக்கா உனக்கு?”

“வந்துச்சு. விடிஞ்சதுலேருந்து வருது. எனக்கு மட்டும் வர்ற வாசனதானேன்னு விட்டுட்டேன்.”

கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அன்று குளியலறையில் பார்த்த மாதிரியே என் முகத்தைப் பார்த்தாள்.

“உனக்கும் வருதா தம்பி?”